காலுக்கு முன் மார்பைப் பாருங்கள்

(பூனை வளர்ப்போரும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடிபட்ட பூனையைத் துண்டில் சுற்றி எடுத்துவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், கால் உடைஞ்சிருக்கா?" கால் தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது; அதனால் கேட்கிறார்கள். எக்ஸ்ரே படம் திரையில் வந்ததும் அவர்கள் கண் அந்தக் காலுக்குத்தான் ஓடும். பக்கத்தில் நிற்கும் பயிற்சி மருத்துவரின் கண்ணும் அங்கேதான் ஓடும். தொடை எலும்பு இரண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்டதும் இருவருக்கும் ஒரு நிம்மதி. என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது, இனிக் கம்பி வைக்கலாம், தட்டு வைக்கலாம் என்று மனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எக்ஸ்ரே படிப்பவர்களின் பார்வை எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள்: படத்தில் ஒரு கோளாறு கண்ணில் பட்டுவிட்டால், மற்றதைத் தேடும் முனைப்பு தானாகக் குறைந்துவிடும். மனித மருத்துவத்தில் கண்டறிந்த உண்மை இது. அடிபட்ட பூனையிடம் இதே பழக்கம் உயிரை எடுத்துவிடும். உடைந்த தொடை எலும்பு மூன்று நாள் காத்திருக்கும். காற்று புகுந்த மார்பு மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்காது.

ஆகவே படத்தைப் பற்றிப் பேசும் முன், படம் எடுக்கலாமா என்பதைப் பேசியாக வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது மிகப் பெரிய ஆபத்தின் அடையாளம். நாய் ஓடி வந்து நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பது இயல்பு. பூனைக்கு அது இயல்பில்லை. நலமாக இருக்கும் பூனை ஓய்வாகப் படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 30 முறை, வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் மூச்சு விடும். அடிபட்டு வந்த பூனை கழுத்தை நீட்டி, முழங்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்க மூச்சு விடுகிறது என்றால், அதைப் பிடித்து இழுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படம் எடுப்பது கொல்வதற்குச் சமம். எக்ஸ்ரே மேஜையின் மேலேயே உயிர் போகும். முதலில் ஆக்சிஜன். பிறகு வலிக்கு மருந்து. மார்பில் காற்றோ நீரோ நிறைந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், படத்துக்குக் காத்திராமல் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி அதை வெளியேற்றிவிட வேண்டும். எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப்போவது அதற்குப் பின்தான். மருத்துவமனையில் "ஏன் இன்னும் எக்ஸ்ரே எடுக்கல?" என்று கோபப்படுகிற உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். பாசத்தில் வருகிற கோபம் அது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரை மணி நேரத் தாமதம்தான் பல பூனைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

சரி, மூச்சு சீராகிவிட்டது. படம் எடுக்கிறோம். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

வில்ஹெல்ம் ரான்ட்கன் 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதம் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. மறு ஆண்டே, 1896லேயே, கால்நடை மருத்துவர்கள் குதிரையின் பாதத்தைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கதிர் உடம்பை ஊடுருவிப் போகும்போது எங்கே தடுக்கப்படுகிறதோ அங்கே வெளுப்பு, எங்கே தடையின்றிப் போகிறதோ அங்கே கருப்பு. இதில் நமக்குக் கிடைப்பவை ஐந்தே ஐந்து சாயல்கள். காற்று கருப்பு. கொழுப்பு கருஞ்சாம்பல். நீரும் தசையும் சாம்பல். எலும்பு வெள்ளை. உலோகம் பளீரென்ற வெள்ளை. அவ்வளவுதான்.

மூன்றாவது சாயலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரத்தம், சிறுநீர், கல்லீரல், மண்ணீரல், இதயம், தசை எல்லாமே ஒரே சாம்பல். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து கல்லீரலைச் சூழ்ந்துகொண்டால், கல்லீரலின் விளிம்பு மறைந்துவிடும். இரண்டும் ஒரே நிறமானதால் நடுவே கோடு விழாது. அதனால் இந்தப் படத்தைப் படிக்கிறவர் இருப்பதைப் பார்ப்பதோடு, இருக்க வேண்டிய விளிம்பு எங்கே காணாமல் போயிற்று என்றும் தேட வேண்டும். என் மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்க மிகவும் பாடுபடுவது இதைத்தான். உடைந்ததைப் பார்க்க யாருக்கும் தெரியும். காணாமல் போன கோட்டைப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும்.

இன்னொன்று. ஒரு படம் போதாது. சாப்பாட்டுத் தட்டை நேராக நிறுத்திப் பார்த்தால் வட்டம், பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கோடு. எக்ஸ்ரேயும் அப்படித்தான். பக்கவாட்டில் எடுத்த படத்தில் எலும்பு நேராகத் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் அதே எலும்பு ஒரு விரற்கடை விலகிக் கிடக்கும். ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு படம் என்பது கட்டாயம். மூச்சுத் திணறும் பூனையை மல்லாத்தக் கூடாது. குப்புறப் படுத்த நிலையிலேயே மேலிருந்து எடுத்துக்கொள்ளலாம். செலவைக் குறைக்க நினைத்து "ஒண்ணு மட்டும் எடுங்க போதும்" என்று சொல்லாதீர்கள். ஒற்றைப் படத்தை நம்பித் தவறான சிகிச்சைக்குப் போவது அதைவிடச் செலவு.

மாடியிலிருந்து விழும் பூனைகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. நியூயார்க்கின் விலங்கு மருத்துவ மையத்தில் விட்னி, மெல்ஹாஃப் என்ற இரு மருத்துவர்கள் 132 பூனைகளைப் பார்த்து 1987இல் வெளியிட்டது. சராசரியாக ஐந்தரை மாடி உயரத்திலிருந்து விழுந்தவை அவை. சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன என்ற செய்திதான் உலகமெங்கும் பரவியது. "பூனை எப்படி விழுந்தாலும் காலில்தான் விழும், அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம் இல்லையா? அதற்கு அறிவியல் சான்றாகவே இந்த ஆய்வைக் காட்டினார்கள். ஆனால் அதே கட்டுரையில் இருக்கும் இன்னொரு எண்ணை யாரும் சொல்வதில்லை. அந்தப் பூனைகளில் 90 விழுக்காட்டுக்கு மார்பில் ஏதாவது ஒரு காயம் இருந்தது. கை கால் எலும்பு முறிந்தவை 39 விழுக்காடுதான். 37 விழுக்காட்டுக்கு உயிர் காக்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டது. அதற்கு முதன்மைக் காரணம் மார்புக் காயமும் அதிர்ச்சியும். மார்பை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

காலில் விழுவது உண்மைதான். பிரெஞ்சு அறிஞர் எத்தியென் ஜூல் மாரே 1894இல் பூனை விழுவதைத் தொடர் புகைப்படங்களாக எடுத்து, அது காற்றிலேயே உடம்பை முறுக்கித் திருப்பிக்கொள்வதைக் காட்டினார். ஆனால் கால் தரையைத் தொட்டதோடு விழுகை முடிவதில்லை. கால்கள் மடங்க, அடுத்த கணம் மார்பும் தாடையும் தரையில் மோதுகின்றன. அதனால்தான் இந்தப் பூனைகளுக்கு முகவாய் நடுவே பிளக்கிறது, மேல் அண்ணம் கிழிகிறது, பல் உடைகிறது, நுரையீரல் நசுங்குகிறது.

ஏழு மாடிக்கு மேலே போனால் காயம் குறைகிறது என்றும் அந்த நியூயார்க் ஆய்வை வைத்துச் சொன்னார்கள். அதை நான் ஏற்பதில்லை. விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை. அது கணக்கில் சேராது. பின்னால் 2004இல் குரோவேஷியாவின் சாக்ரெப் நகரிலிருந்து 119 பூனைகளைப் பற்றிய ஆய்வு வந்தது. அதில் ஏழாவது மாடிக்கும் அதற்கு மேலும் இருந்து விழுந்தவற்றுக்குக் காயம் கடுமையாகவும் மார்புக் காயம் அதிகமாகவும் இருந்தன. அந்தப் பூனைகளில் பாதிக்கு மேல் ஒரு வயதும் நிரம்பாதவை. விளையாட்டுப் பருவத்துக் குட்டிகள்தான் பால்கனிக் கம்பியில் புறாவைத் துரத்திப் போய் விழுகின்றன.

இப்போது மார்புப் படத்துக்குள் போவோம். இங்கே கொஞ்சம் பொறுமையாக நிற்க விரும்புகிறேன்.

பக்கவாட்டுப் படத்தில் பூனையின் இதயம் மார்பெலும்பின் மேல் சாய்ந்து படுத்திருப்பதுபோல் இருக்கும். நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து மார்புக்கூட்டுக்குள் புகுந்துவிட்டால், இதயம் மார்பெலும்பை விட்டு விலகி மிதப்பதுபோல் தெரியும். இரண்டுக்கும் நடுவே கருப்பு இடைவெளி. நுரையீரல் சுருங்கி, அதன் ஓரம் விலாச் சுவரிலிருந்து தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில் மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகள் ஒன்றும் இராது. இதை ஏமாற்றுகிற போலிகள் இரண்டு உண்டு. கொழுத்த பூனையிலும் இதயத்துக்கும் மார்பெலும்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும். ஆனால் அது கொழுப்பு, கருஞ்சாம்பலாக இருக்குமே தவிரக் காற்றைப்போல் கறுத்திருக்காது. அடுத்தது தோல் மடிப்பு. பூனையின் தொளதொளத்த தோல் மடிந்து ஒரு கோடாக விழுந்து, நுரையீரல் ஓரம்போலவே காட்டும். அந்தக் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து போங்கள். மார்புக்கூட்டைத் தாண்டி வெளியேயும் ஓடினால் அது தோல்.

அடுத்தது நுரையீரல் கன்றிப்போதல். கையில் அடிபட்டால் ரத்தம் கட்டுவதுபோலவே நுரையீரலுக்குள்ளும் ரத்தம் கட்டும். படத்தில் திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம் தெரியும். இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அடிபட்ட உடனே எடுத்த படத்தில் இது தெரியாமலே போகலாம். பல மணி நேரம் கழித்துத்தான் முழுவதும் வெளிப்படும். முதல் ஒரு நாள் முழுக்க அது மோசமாகிக்கொண்டே போகக்கூடும். மாலையில் விழுந்த பூனைக்கு ஏழு மணிக்கு எடுத்த படம் சுத்தமாக இருந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால், விடிகாலையில் அது திணறும்போது பக்கத்தில் ஆக்சிஜன் இராது. முதல் படம் நன்றாக இருந்தாலும் ஒரு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது, மறுநாள் மார்பை மறுபடி படம் எடுப்பது, இரண்டும் வீண் செலவே இல்லை. இது புரியாமல் மருத்துவர் பணம் பறிக்கிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பக்கத்துக்குப் பதின்மூன்று. நாய் கவ்வி உதறிய பூனையாக இருந்தால் இந்த எண்ணிக்கை மிக முக்கியம். வெளியே பார்த்தால் நான்கு சிறு துளைகள்தான் தெரியும், மயிரை விலக்கினால்தான் அதுவும். உள்ளே விலா எலும்புகள் நொறுங்கி, அவற்றுக்கு நடுவிலுள்ள தசை கிழிந்து, தோலுக்கடியில் காற்று பரவியிருக்கும். படத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே கருப்புக் கீற்றுகளாக அது தெரியும். நாய்க்கடி என்றால் துளையின் அளவை நம்பாதீர்கள்.

இனி உதரவிதானம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மெல்லிய தசைத் திரை. வண்டி மோதும்போது வயிறு அழுந்த, அந்த அழுத்தம் தாங்காமல் திரை கிழிகிறது. கிழிசல் வழியே கல்லீரலும் குடலும் மார்புக்குள் ஏறிவிடுகின்றன. படத்தில் என்ன தெரியும்? நான் முன்பு சொன்னதுதான்: ஒரு கோடு காணாமல் போயிருக்கும். உதரவிதானத்தின் வளைந்த விளிம்பு முழுசாகத் தெரியாது. இதயத்தின் உருவமும் மங்கிப் போகும். வயிற்றுப் பக்கம் பார்த்தால் விசித்திரமாகக் காலியாக இருக்கும். மார்புக்குள் குடலின் காற்று வளையங்கள் தெரிந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கல்லீரல் மட்டும் ஏறியிருந்தால் அதுவும் சாம்பல், கூட இருக்கும் நீரும் சாம்பல். அப்போது படம் மட்டும் போதாது, ஸ்கேன் வைத்துப் பார்க்க வேண்டும். இரைப்பையே மார்புக்குள் போயிருந்தால் அது காற்றால் உப்பி நுரையீரலை நசுக்கும். அது உடனடி அறுவைக்கான நிலை.

இதில் மனத்தை வருத்துவது என்னவென்றால், கிழிந்த திரையோடு பூனை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிடும். வலியையும் பலவீனத்தையும் மறைப்பது அதன் பிறவிக் குணம். குதிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அலமாரி மேல் ஏறாது. நிறையத் தூங்கும். "வயசாகிவிட்டது, சாதுவாகிவிட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். எப்போதோ வண்டியில் அடிபட்டது என்ற செய்தி அரைகுறையாக நினைவுக்கு வரும். ஆகவே தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பூனை அதிகமாக ஓடாமல், சீக்கிரம் களைத்துப் போனால், ஒரு மார்புப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. பிறவியிலேயே வயிற்று உறுப்புகள் இதய உறைக்குள் ஏறியிருக்கும் பூனைகளும் உண்டு. அவற்றில் இதயம் பிரம்மாண்டமான உருண்டையாகத் தெரியும். அது அடியால் வந்தது இல்லை. கண்டவுடன் பதறி அறுவைக்கு ஓடவும் வேண்டாம்.

வயிற்றுக்கு வந்தால் சிறுநீர்ப்பையைத்தான் முதலில் தேடுவேன். அது உடைந்திருந்தால் சிறுநீர் வயிற்றுக்குள் பரவி, எல்லா விளிம்புகளும் மங்கி, வயிறு முழுக்க ஒரே சாம்பல் ஆகிவிடும். ஆனால் சிறு கிழிசல் இருக்கும்போது பை தெரியவும் செய்யும். பூனை சிறுநீர் கழிக்கவும் செய்யும். "ஒண்ணுக்குப் போயிடுச்சு, அதனால பை நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் சிறுநீர்க்குழாய் வழியே அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திப் படம் எடுக்க வேண்டும். மருந்து வெள்ளையாகத் தெரியும். எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளை பரவும். வயிற்று நீரில் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள கிரியாட்டினின், பொட்டாசியம் அளவை ரத்தத்தோடு ஒப்பிட்டும் கண்டுபிடிக்கலாம். தவறவிட்டால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயம் நின்றுவிடும்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். வளையம் ஓரிடத்தில் மட்டும் விலகி உடைவது அரிது. ஒரு முறிவு தெரிந்தால் இன்னொன்றைத் தேட வேண்டும். பூனையில் அந்த இன்னொன்று பெரும்பாலும் இடுப்பு முதுகெலும்போடு சேரும் மூட்டில் இருக்கும். உடல் எடையைத் தாங்காத பகுதி முறிந்தால் கூண்டில் ஓய்வு கொடுத்தே பல பூனைகள் தேறிவிடும். எடை தாங்கும் பகுதி விலகியிருந்தாலோ, வளையத்தின் உட்புறம் குறுகிவிட்டாலோ அறுவை தேவைப்படும். குறுகியதை அப்படியே விட்டால் மலம் கழிக்க முடியாமல் பின்னால் பெருங்குடல் வீங்கும்.

வால் விஷயத்தில் படம் சொல்வது மிகக் குறைவு. வண்டிச் சக்கரம் வால் மேல் ஏற, பூனை பயந்து முன்னால் பாய, வால் அடியில் எலும்புகள் பிரிகின்றன. படத்தில் சின்ன இடைவெளிதான் தெரியும். ஆனால் அந்த இழுப்பில் சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் இழுபட்டிருக்கும். நரம்பு எக்ஸ்ரேயில் தெரியாது. வால் அடியைக் கிள்ளும்போது பூனைக்கு உணர்வு இருக்கிறதா என்பதுதான் அங்கே உண்மையான சோதனை. உணர்வு இருந்தால் நம்பிக்கை உண்டு. ஒரு மாதம் ஆகியும் தானாகச் சிறுநீர் கழிக்க வராவிட்டால் அதற்குப் பிறகு வருவது அரிது. முதுகெலும்புக்கும் இதே எச்சரிக்கை. படம் காட்டுவது எலும்பு இப்போது நிற்கிற இடத்தை. மோதிய கணத்தில் அது எவ்வளவு தூரம் நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கிவிட்டுத் திரும்பியது என்பதைக் காட்டாது. அதனால் முதுகெலும்பு கொஞ்சமே விலகியிருக்கிறது என்று மகிழவும் கூடாது, காலில் ஆழ்ந்த வலியுணர்வு இருக்கும்போது படத்தைப் பார்த்து மனம் உடையவும் கூடாது.

கால்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பூனையின் நீண்ட எலும்புகளில் அதிகம் முறிவது தொடை எலும்பு. குட்டிகளில் எலும்பின் முனைக்கருகே ஒரு கருப்புக் கோடு இருக்கும். அது வளர்தட்டு, முறிவென்று நினைத்துவிடக் கூடாது. மறு காலையும் படம் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தோள்பட்டைக்கு முன்னால் சிறு எலும்புத் துண்டு ஒன்று தனியாக மிதக்கும்; அது பூனையின் காரை எலும்பு. எதனுடனும் மூட்டு கொள்ளாமல் தசைக்குள் கிடப்பதே அதன் இயல்பு. தொண்டையில் மீன்முள் சிக்கியிருக்கிறது என்று இதைக் காட்டி அலறியவர்கள் உண்டு. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் சிறு உருண்டை எலும்புகளும் இயல்பானவைதான்.

ஒரு வகை முறிவை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் அடுப்படியிலிருந்து வருகிறது. மூன்று நான்கு மாதக் குட்டி, சோபாவிலிருந்து குதித்தது, கால் முறிந்துவிட்டது. படத்தைப் பார்த்தால் எலும்பு எது, தசை எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு எல்லாமே மங்கல். எலும்பின் ஓரம் நூல்போல் மெலிந்திருக்கும். முறிவுகூடக் கூர்மையாக இராது, எலும்பு மடிந்திருக்கும். என்ன சாப்பிடுகிறது என்று கேட்டால், "டாக்டர், நல்லா சாப்பிடுது, தினம் ஈரல்தான்" என்பார்கள். ஈரலிலும் எலும்பில்லாக் கறியிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியத்தைச் சமன்செய்ய உடம்பு தன் எலும்பையே கரைக்கிறது. பாசமாகப் பார்த்துப் பார்த்து ஊட்டிய கையே காரணம் என்று கேட்கும்போது அவர்கள் முகம் வாடும். ஆனால் இது சரியாகக்கூடியது. இந்த எலும்பில் தட்டும் திருகாணியும் பிடிக்காது. முழுச் சத்துள்ள பூனை உணவும் கூண்டில் ஓய்வும் கொடுத்தால் சில வாரங்களில் எலும்பு வெளுத்துத் தெரியத் தொடங்கும்.

அடிபடாமலே அடிபட்டதாக வரும் பூனையும் உண்டு. திடீரென்று பின்னங்கால் இரண்டும் செயலிழக்கும். பூனை வலியில் அலறும். "மாடியிலிருந்து விழுந்திருக்கும், யாராவது அடிச்சிருப்பாங்க" என்று எடுத்து வருவார்கள். இடுப்பு, கால், முதுகு எல்லாம் படத்தில் முழுசாக இருக்கும். அப்போது கால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்: சில்லென்று இருக்கும். பஞ்சுப் பாதங்கள் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கும். தொடையில் நாடி கிடைக்காது. இதய நோயால் உருவான ரத்தக்கட்டி, மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. காலைப் படம் எடுத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால் நோயே தப்பிவிடும். இங்கேயும் விடை மார்பில்தான் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அடிபட்ட பூனைக்குப் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானே என்று பாதி மாத்திரையைத் தேய்த்துக் கொடுத்தவர்களை அறிவேன். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பு நிறமாகும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுரூஃபனும் வேண்டாம். காலில் குச்சி வைத்துக் கட்டாதீர்கள். தவறாகக் கட்டிய கட்டு முறிவை மேலும் விலக்கும். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, காற்று போகத் துளையிட்டு, பூனையை அப்படியே வழுக்கி உள்ளே வைத்து, மூடி எடுத்து வாருங்கள். இருட்டும் அமைதியும் அதற்கு மருந்து.

படத்தை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்கும் பழக்கம் பெருகிவிட்டது. அந்தப் புகைப்படத்தில் தொடை முறிவு தெரியும். நான் இவ்வளவு நேரம் சொன்ன மெல்லிய சாம்பல் வேறுபாடுகள் ஒன்றும் தெரியாது. டிஜிட்டல் எக்ஸ்ரேயாக இருந்தால் மூலக் கோப்பையே கேட்டு வாங்கி அனுப்புங்கள், இரண்டு கோணமும் சேர்த்து. எக்ஸ்ரே அறையில் பூனையை நீங்களே பிடித்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். ஈய மேலங்கி சிதறிவரும் கதிரைத்தான் தடுக்கும், நேரே விழும் கதிரைத் தடுக்காது. கருவுற்ற பெண்கள் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது. பூனையை அசையாமல் வைக்க லேசான மயக்க மருந்தும் மணல் பைகளும் போதும்.

என் சக மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படத்தைப் படிக்கும்போது காயம்பட்ட இடத்தைக் கடைசியாகப் பாருங்கள். மார்பு, உதரவிதானம், வயிறு, முதுகெலும்பு, இடுப்பு என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் போய், கடைசியில் காலுக்கு வாருங்கள். பார்த்ததை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். "மார்பில் கோளாறு இல்லை" என்பதையும் எழுதுங்கள். எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் கண் அங்கே போகும்.

பூனை வளர்க்கும் உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பால்கனிக்குப் புறா வலை போட்டிருப்பீர்கள். அதன் கீழோரம் இறுகக் கட்டியிருக்கிறதா, ஜன்னலின் கொசுவலைச் சட்டம் தள்ளினால் திறந்துகொள்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதையும் மீறிப் பூனை விழுந்துவிட்டால், அது எழுந்து நடந்து, பால் குடித்து, ஒன்றுமே ஆகாததுபோல் நடந்துகொண்டாலும், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய் மார்பைப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.